முத்து நின்ற கிளாஸ்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். ஆஸ்பத்திரி லாப்பில் நாள் முழுக்க இரத்தம் பரிசோதிக்கிற வேலை, கண்ணால் கண்டதை மட்டும் எழுதிப் பழகிய கை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமே வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மாலினி மேல் பொறாமை. மாலினி என் கணவரின் முதல் மனைவி, நோயில் போய்ச் சேர்ந்தவள், நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. செத்தவளோடு என்ன போட்டி என்று கேட்பீர்கள். உயிரோடு இருக்கிறவளாவது கிழடாவாள், சண்டை பிடிப்பாள், ஒருநாள் கறிக்கு உப்பைக் கூட்டிப் போடுவாள். இவள் ஹோல் சுவரில் படமாக எந்த நேரமும் சிரித்தபடி இருக்கிறாள். வெரிபீயில் இருந்த நான் கல்யாணமாகி சிட்னியில் இந்தக் கிரவீன் வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் அந்தச் சிரிப்புக்குக் கீழேதான் வீடு கூட்டுகிறேன்.

அவள் சிட்னி நகரத்தில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை செய்தவள். அவளும் என் கணவரும் மெக்சிகோவுக்குப் போய், பாலைவனத்து மலைப்பக்கம் ஒரு குடும்பம் கொஞ்சமாக வடிக்கிற சோட்டோல் என்ற மதுவில் ஒரு போத்தல் வாங்கி வந்திருக்கிறார்கள். யாரும் நடாமல் தானாக முளைக்கிற செடியாம், இலை விளிம்பெல்லாம் முள்ளாம், முற்றுவதற்கே பத்துப் பன்னிரண்டு வருடம் எடுக்குமாம், அதன் நடுப்பாகத்தைக் குழியில் போட்டுச் சுட்டு, இடித்து, புளிக்க வைத்து வடிப்பார்களாம். உயரத்திலிருந்து ஊற்றினால் கிளாஸ் விளிம்பைச் சுற்றி நுரைமுத்துகள் மாலை போல நிற்கும். சரக்கு சரியென்றால் முத்து கொஞ்ச நேரம் நிற்கும், தண்ணீர் கலந்திருந்தால் உடனே உடைந்துவிடும். வடித்தவரே மாலினிக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அது. "முத்து நிக்குது பாரும்" என்று சொல்லும்போது என் கணவரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். என் பிறந்தநாளுக்குக்கூட அது வந்ததில்லை.

அந்தப் போத்தலை அவளின் திவசத்தன்று மட்டும்தான் திறப்பார். எங்கள் வழக்கத்தில், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம், அவர்கள் வந்து சாப்பிட நேரம் கொடுக்க வேண்டுமே. திறக்கும் முன் கதவைத் தட்டவும் வேண்டும்.

போன வருடத் திவசம் ஒரு சனிக்கிழமை வந்தது. என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், வென்ட்வேர்த்வில்லில் இருந்து பலகாரத்தோடு வந்திருந்தார். விடியத் தொடங்கி நான் சமைத்தேன், அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி உட்பட. மத்தியானம் படத்தை இறக்கிச் சின்ன அறை மேசையில் வைத்து, வாழையிலை போட்டுப் படைத்தோம். அவர் போத்தலை உயர்த்தி அவளுக்கு ஊற்றினார். முத்து நின்றது, அவர் முகத்தில் அந்த வெளிச்சமும் வந்தது. நான் இன்னொரு கிளாஸை எடுத்து நீட்டினேன்.

"எனக்கும் ஒண்டு ஊத்துங்கோ."

"நீர் குடிக்கிறேல்லையே?"

"இண்டைக்குக் குடிக்கப் போறன்."

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அதே போத்தலில் இருந்து, அதே உயரத்தில் ஊற்றினார், என் கிளாஸிலும் முத்து நின்றது. இதை மறந்துவிடாதீர்கள். சுட்ட மண்ணும் புல்லும் சேர்ந்த மணம் மூக்கில் ஏறியது. வாயில் வைக்கப் போகிறேன், குசினியில் எண்ணெயில் விட்டு வந்த அப்பளம் கருகிப் புகை அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. கையில் இருந்ததை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். அலாரத்தை நிறுத்திவிட்டு வந்தால் மச்சாள் அதற்குள் கதவைச் சாத்தியிருந்தார்.

"என்ரை கிளாஸ் உள்ளுக்கை, மச்சாள்."

"ஐயோ, உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பங்கை உள்ளுக்கை விடுறதே? இனித் திறக்கேலாது, பேசாமல் நில்லும்."

மூன்று பேரும் கதவடியிலேயே நின்றோம். ஒருவரும் உள்ளே போகவில்லை, சன்னலுக்கு வலை அடித்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் தட்டித் திறந்தார்.

சோறு கறி வைத்தது வைத்தபடி இருந்தது. மாலினியின் கிளாஸில் முத்து இன்னும் நின்றது, ஒன்றுகூட உடையாமல். அவ்வளவு நேரம் நிற்காது, நிற்கவே முடியாது. என் கிளாஸும் நிரம்பித்தான் இருந்தது, ஆனால் அதில் முத்து இல்லை. வந்த எரிச்சலில் எடுத்து ஒரு பெரிய மிடறு விழுங்கினேன். தண்ணீர். மணம் இல்லை, காரம் இல்லை, ஒன்றுமே இல்லை. அவர் வாங்கி மிச்சத்தைக் குடித்துப் பார்த்தார், பிறகு போத்தலில் இருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார், போத்தல் சரக்கு நெருப்பாகத்தான் இருந்தது. மச்சாள் திருநீறு தேடி ஓடினார். ஆவியாகிப் போயிருக்கும் என்று சொல்லாதீர்கள், லாப்பில் வேலை செய்கிறவளுக்கு அது தெரியும், ஆவியானால் அளவு குறைந்திருக்கும்.

என் கணவர் பயப்படவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்தார், கண் இரண்டும் கலங்கிப் போய்.

"அவளுக்குத் தன்ரை கிளாஸ் ஒருநாளும் காணாது. பக்கத்திலை இருக்கிற ஆளின்ரையைப் பறிச்சுத்தான் குடிப்பாள்."

அந்தக் கிழமை முழுக்க நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். காலையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, உடுப்புக் காயப் போடவோ போன் எடுக்கவோ திரும்புவேன். வந்து பார்த்தால் நிறம் இருக்கும், சூடு இருக்கும், சீனி போட்டதும் எனக்கு நினைவிருக்கும், வாயில் வைத்தால் வெறும் சுடுதண்ணீர். எல்லா நாளும் இல்லை, சில நாள். பக்கத்திலேயே இருக்கிற அவருடைய கோப்பையில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. நான் சிங்க்கில் ஊற்றிவிட்டுப் பேசாமல் வேறு போடுகிறேன்.

அவருக்கு இதுவரை சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவர் பயப்பட மாட்டார். விடியவே எழும்பி வந்து, என் கோப்பைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.