மரக்குதிரையின் தளர்ந்த வார்

காலை ஏழேகால், துன் ஏரியின் மூடுபனி எங்கள் சன்னல்வரை வந்து நின்றது. அருங்காட்சியகத் தொழிலில், காலையில் முதலில் கதவைத் திறப்பவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதை, என்னைப்போல் இங்கே காலந்தள்ளுவோர் அறிவார்கள். சுவிஸ் மாநிலங்கள் தமக்குள் போரிட்ட காலத்துக் குதிரைப்படைப் பிரிவொன்றின் பொருட்களே என் பொறுப்பு.

யார் தொட்டது?

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மரக்குதிரை. அதன்மேல் உண்மையான சேணம். முதல்நாள் மாலை நான் இறுக்கிய வயிற்றுவார் அன்று காலை தளர்ந்து தொங்கியது. அந்த வாரத்தில் அது மூன்றாம் முறை. கூண்டின் சாவி என்னிடமும் துப்புரவு செய்யும் சிவநேசன் அண்ணையிடமும் மட்டுமே இருந்தது. இன்னொரு முறை நடந்தால் அவருக்கு வேலை இல்லை என்றார் பொறுப்பாளர் உர்சுலா. கூண்டைத் துடைக்கும்போதும் குதிரையைப் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் அண்ணை, ஆயினும் அவரிடம் கேட்டேன்.

"தங்கச்சி, எங்கட சண்டையே எனக்கு இன்னும் கனவில வருது. இவையின்ர சண்டையில நான் ஏன் கை வைக்கப் போறன்?"

சொந்தக் குதிரை

சேணத்தைக் கொடுத்த பண்ணை வீட்டுப் பெண்மணியை அழைத்து விசாரித்தேன். அந்தப் பிரிவினர் தத்தம் பண்ணைக் குதிரைகளிலேயே போருக்குப் போனார்களாம். சில வாரங்களில் போர் முடிந்தது; அவர்கள் வீட்டிலிருந்து போனவன் வரவில்லை, அவன் குதிரை மட்டும் தனியே வீடு வந்தது. சேணத்தைக் கழற்றினால் அவன் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என அஞ்சி, வீட்டார் வாரைத் தொடவேயில்லை. சேணத்தோடு நின்றே அது செத்தது. நேற்று நடந்ததைப்போல் சொல்லிவிட்டு அவர் கேட்டார்:

"நீங்கள் அதை இறுக்கியா கட்டுகிறீர்கள்?"

ஒட்டிய முத்திரை

சோதித்துப் பார்க்க, சிவநேசன் அண்ணையை உர்சுலா விடுப்பில் லோசான் நகரிலுள்ள அவர் மகள் வீட்டுக்கு அனுப்பினார். நான் வாரை இறுக்க, அவரே கூண்டைப் பூட்டி, முத்திரை ஒட்டி, சாவிகளைக் கொண்டுபோனார். காலையில் இருவரும் சேர்ந்து திறந்தோம். முத்திரை கிழியவில்லை. வார் தளர்ந்திருந்தது, சேணத்தின் அடிப்புறம் கைக்கு இளஞ்சூடாக இருந்தது. உர்சுலா கிழியாத முத்திரையை மீண்டும் விரலால் தடவிப் பார்த்தார். பழி நீங்கியதையும் பண்ணைக் குதிரையின் கதையையும் அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"இனி இறுக்காதேங்கோ, தங்கச்சி. சண்டையில காணாமப்போன என்ர அண்ணருக்காக எங்கட அண்ணி இன்னும் பொட்டு வைச்சுக்கொண்டு வாசலைப் பாத்தபடி. அந்தக் குதிரையாவது ஆறட்டும்."

மறுநாள் காலை வேலைக்குத் திரும்பிய அண்ணை முதன்முறையாகக் குதிரையின் முகம் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தார், உர்சுலா விளக்க அட்டையில் 'வார் தளர்ந்த நிலையில்' என்று சேர்த்தார், நானோ கதவை முதலில் திறப்பவள் ஆகாதிருக்க ஒரு பேருந்தை வேண்டுமென்றே தவறவிட்டேன்.