நூறு தொண்டர்களும் ஏழு ரசிகர்களும்

போன சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? டி.வி. பார்த்திருப்பீர்கள். காபி குடித்திருப்பீர்கள். கொடுத்து வைத்தவர்கள்!

நான், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், மேடைத் திரையின் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் இருநூறு நாற்காலிகள். அவற்றில் ஏழு பேர். அந்த ஏழிலும் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்... கச்சேரி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

தை மாதக் குளிர். எனக்கோ சட்டை நனைந்துவிட்டது.

எங்கள் சங்கீத சபாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஆபீஸும் கிடையாது. செக்ரட்டரி சிவசங்கரன் சார் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அவர் வீட்டு முன்னறைதான் சபா. வண்ணார்பேட்டையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஆறுமுகம் அண்ணாச்சி காசு வாங்காமல் மைக் கட்டிக் கொடுப்பார். மார்கழியில் வித்வான்கள் எல்லோரும் சென்னையில் பிஸி. பொங்கல் கழிந்து, மிச்சமிருக்கிற தொண்டையோடு எங்கள் ஊருக்கு வருவார்கள். அதுதான் எங்கள் சீசன். இந்த வருஷம் மூன்றாவது.

இதில் எனக்கு என்ன வேலை? நல்ல கேள்வி. என் சங்கீத ஞானம் அப்படி. முன்வரிசையில் இருப்பவர் கையைப் பார்த்துத்தான் நான் தாளம் போடுவேன். போன வருஷம் அவர் நடுவில் மூக்கைச் சொறிந்தார். நானும் சொறிந்தேன். அதைப் பார்த்துவிட்ட செக்ரட்டரி சார், "நீரு உள்ள உக்காருகத விட வெளிய நின்னாத்தான்வே சங்கீதத்துக்கு நல்லது" என்று சொல்லி, என்னைத் தொண்டர் படைக்குப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்.

முதலில் தொண்டராக ஒரு ஆள்கூட வரவில்லை. கெஞ்சினேன். ஆளாளுக்கு இடுப்புவலி. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது — பேட்ஜ்! சிவப்பு வெல்வெட்டில் பூ மாதிரி தைத்து, நடுவில் தங்க நிறத்தில் 'தொண்டர்' என்று போட்டு, கீழே இரண்டு ரிப்பன் தொங்கவிட்டு... பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

வந்தது. மெம்பர்கள் எல்லோருக்கும் வந்தது. அவர்கள் வீட்டு அம்மாமார்களுக்கும் வந்தது. "எனக்கு ஒண்ணு குடும்வே" என்று கேட்ட யாருக்கும் எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பேட்ஜ் கொடுத்தால் வேலை கொடுக்க வேண்டுமே? உட்கார்ந்து பிரிவு பிரிவாக உண்டாக்கினேன். செருப்புப் பிரிவு. சைக்கிள் பிரிவு. குடிநீர்ப் பிரிவு. பன்னீர்ப் பிரிவு. மின்விசிறிப் பிரிவு. குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு போக ஒரு பிரிவு. இருமுகிறவர்களுக்கு மிட்டாய் கொடுக்க இருமல் பிரிவு!

நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு ஒரே பெருமை. திருநெல்வேலியில் எந்தக் கட்சிக்கு இப்படித் தொண்டர் கிடைக்கும்?

ஒரு சின்ன விஷயத்தைத்தான் நான் யோசிக்கவில்லை. இந்த ஊரில் நேரத்துக்கு வந்து சங்கீதம் கேட்கிற ஆட்களே அந்த நூறு பேர்தான்.

சரி, தொண்டர் உள்ளே வந்து பாட்டுக் கேட்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறீர்களா? பெண் வீட்டுக்காரர் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தாலி கட்டுகிற நேரத்தில்கூட அவர் வாசலில் நின்று "வாங்க வாங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். உட்கார்ந்துவிட்டால் அவர் விருந்தாளி. நிற்கிறவருக்குத்தான் மரியாதை. பேட்ஜ் குத்திய அத்தனை பேரும் பெண் வீட்டாராகி வெளியே நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்று உள்ளே ஏழே பேர்.

மற்ற நாளாக இருந்தால் சமாளித்திருக்கலாம். அன்றைக்குப் பாட வந்தவர் லேசுப்பட்டவர் இல்லை. பெயரைச் சொன்னால் அவருக்கும் தர்மசங்கடம், எனக்கும் ஆபத்து. சென்னையில் அவர் கச்சேரிக்கு மதியமே போய்த் துண்டு போட வேண்டும் என்பார்கள். செக்ரட்டரி சார் இரண்டு வருஷமாக எஸ்.டி.டி. பூத்தில் நின்று நின்று, போன தீபாவளிக்குத்தான் சம்மதம் வாங்கினார். அந்த அம்மா பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்:

"போன மாசம் ஒரு ஊர்ல காலி நாற்காலிகளுக்குப் பாடிட்டு வந்தேன். இனிமே நாற்காலிக்குப் பாட மாட்டேன். ஹால் நிறையும்னா வரேன்."

"நிறையும்மா!" என்று சார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைத்தான் நான் இப்போது இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் நகருங்கோ" என்று பின்னால் குரல். அந்த அம்மாவேதான். இடுக்கில் அவரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாசல்ல அவ்வளவு கூட்டமா இருந்ததே? பன்னீர் தெளிச்சாளே? அவாள்லாம் எங்கே?"

"வந்துக்கிட்டே இருக்காங்கம்மா..."

"வாசல்லேர்ந்து உள்ளே வர எத்தனை நேரம் ஆகும்?"

நான் திரையை இழுத்து இடுக்கை மூடினேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "வர்ணம் பாடறேன். பாடி முடிச்சுக் கண்ணைத் திறக்கறபோது பாதி ஹாலாவது இருக்கணும். இல்லேன்னா அடுத்தது மங்களம்தான். என் பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லுங்கோ" என்றார், வெகு சாந்தமாக.

முதல் பாட்டு முடிந்ததும் கடைசிப் பாட்டு! சீசனின் முதல் நாள் கச்சேரி அது. அவர் மறுநாள் சென்னையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்புறம் எந்த வித்வான் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பார்? செக்ரட்டரி சார் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"என்னவே இது? வெளிய ஊரே நிக்கு. உள்ள ஈ காக்கா இல்ல!"

"அது பூரா நம்ம தொண்டருங்க, சார்."

"அப்ப ரசிகருங்க எங்கவே?"

"அவங்கதான் சார் இவங்க."

சார் கணக்கு வாத்தியார். உடனே புரிந்துகொண்டார். "வெளங்கும்! ஓடும்வே, ஓடிப் போயி உள்ள தள்ளும்!"

திரை விலகியது. வர்ணம் ஆரம்பித்தது. நான் ஓடினேன்.

வாசலில் அமர்க்களமாக இருந்தது. பன்னீர்ப் பிரிவு, வேறு யாரும் வராததால், குடிநீர்ப் பிரிவுக்குத் தெளித்துக்கொண்டிருந்தது. சந்தனக் கிண்ணத்தோடு என் வீட்டம்மா.

"பார்வதி, உள்ள போயி உக்காரு!"

"நான் உக்காந்துட்டா வாரவங்களுக்குச் சந்தனம் யாரு குடுப்பா?"

"யாருமே வரலையே!"

"வந்துட்டா?"

முப்பது வருஷக் குடித்தனத்தில் நான் ஜெயித்த விவாதம் ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்கு ஆரம்பிக்க நேரமும் இல்லை. செருப்புப் பிரிவுக்குப் போனேன். மைக்கைக் கட்டி முடித்துவிட்டு வந்த ஆறுமுகம் அண்ணாச்சிதான் அங்கே தலைவர்.

"அண்ணாச்சி, உள்ள வாங்க. ஒரு ஆபத்து."

"நான் உள்ள வந்துட்டா செருப்ப யாருவே பாக்கது?"

"அங்கன கிடக்கது பூரா நம்ம தொண்டருங்க செருப்புதான!"

"தொண்டன் செருப்புன்னா எளக்காரமாவே உமக்கு?"

உள்ளே வர்ணத்தின் முதல் பாதி முடிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணாச்சி, உங்க கால்ல விழுதேன். உள்ள போயி சும்மா உக்காருங்க, அது போதும்!"

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேட்ஜைக் குத்திக்கிட்டுச் சும்மா உக்காருகதா? உக்காருகது ஒரு வேலையாவே?"

வேலையாவே...!

"ஆமா அண்ணாச்சி!" என்று கத்தினேன். "வேலைதான்! புதுப் பிரிவு. நாற்காலிப் பிரிவு!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆளுக்கு ஒரு நாற்காலி. கச்சேரி முடியுற வரைக்கும் அதைக் காலியா விடக் கூடாது. காபிக்குக்கூட எந்திரிக்கக் கூடாது. யாரு கேட்டாலும் விட்டுக் குடுக்கக் கூடாது. கஷ்டமான வேலை. தெம்பு இருக்கவங்க மட்டும் வாங்க!"

"எனக்கு என்ன தெம்பு இல்லையா?" என்றார் அண்ணாச்சி.

"முன்வரிசை யாருக்குவே?" என்று கேட்டது இருமல் பிரிவு.

"முதல்ல வாரவங்களுக்கு!"

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் வந்து நின்றதும் ஓடுவார்களே, அந்த ஓட்டம்... ஆனால் சத்தமே இல்லாமல், பைய, நுனிக்காலில்! வேட்டியைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, ரிப்பன் பறக்க நூறு பேர். என் வீட்டம்மா சந்தனக் கிண்ணத்தோடு மூன்றாவது வரிசையைப் பிடித்துவிட்டாள்.

வர்ணம் முடிந்தது. அந்த அம்மா கண்ணைத் திறந்தார்.

எதிரே வரிசை வரிசையாகச் சிவப்பு வெல்வெட். முதுகு வளையாமல், முழங்காலில் கை வைத்து, கண் கொட்டாமல், பரீட்சை எழுத உட்கார்ந்த மாதிரி நூறு பேர்! அவர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு. வயலின்காரரைத் திரும்பிப் பார்த்தார். என்னமோ சொன்னார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தோடியைத் தொட்டார்.

அது தோடி என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஆனால் என் கையில் மயிர் சிலிர்த்தது, அதை யாரும் சொல்லித் தரவில்லை. குரல் மேலே ஏறி ஒரு இடத்தில் நின்றது பாருங்கள்... மின்விசிறிப் பிரிவுக்காரர் தன்னை அறியாமல் "ஆஹா!" என்றார். டூட்டியில் சத்தம் போடலாமா என்று உடனே என்னைப் பயந்து பார்த்தார். போடுங்கள் என்று சைகை காட்டினேன். அவ்வளவுதான், மண்டபமே பிடித்துக்கொண்டது!

ஆறே முக்காலுக்கு ஊர் ஜனம் வர ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் ஆறு மணிக் கச்சேரி என்றால், ஆறு மணிக்கு வீட்டில் குளிக்கப் போவார்கள். பின்வரிசைகள் நிறைந்தன. சுவரோரம் நின்றார்கள். ஜமுக்காளம் விரித்தோம்; அதுவும் நிறைந்தது. கடைசியில், வருஷா வருஷம் நன்கொடை தருகிற அரிசி மில் முதலாளி குடும்பத்தோடு வந்து முன்வரிசைக்குப் போனார். அங்கே அண்ணாச்சி.

"ஆறுமுகம், கொஞ்சம் எந்திரிவே."

"மன்னிக்கணும் முதலாளி. நான் டூட்டியில இருக்கேன்."

முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்துகொண்டு அவர் தாளம் போட, இந்தமுறை அவர் கையைப் பார்த்து நான் போட்டேன். மூக்கை அவர் தொடவே இல்லை; நல்ல மனுஷன்.

கச்சேரி முடிந்ததும் அந்த அம்மா செக்ரட்டரி சாரைக் கூப்பிட்டார். மிருதங்கக்காரரும் பக்கத்தில் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இப்படி ஒரு ஆடியன்ஸை நான் பார்த்ததே இல்லை" என்றார் அந்த அம்மா. "தனி ஆவர்த்தனத்துக்குக்கூட ஒருத்தர் எழுந்து போகலையே! எல்லா ஊர்லயும் மிருதங்கம் ஆரம்பிச்சா கான்டீன்தான் நிறையும். இவா எல்லாருக்கும் யார் பழக்கினா?"

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அடுத்த வருஷம் நானே நாள் குறிச்சுத் தரேன்" என்றார்.

சார் மண்டபத்துக்கு வெளியே வந்ததும், என்னைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கணக்கு வாத்தியாருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். முகத்தில் கோபம்.

"ஏன்வே, மூணு வருசமா மைக் கட்டுதேன். ஒரு பாட்ட முழுசா உக்காந்து கேட்டதில்ல. உள்ள இவ்வளவு நல்லா இருக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாவே?"

ஊர் கேட்க வேண்டும் என்று ஓடி ஓடிச் செய்கிறோம். நாமும் ஊரில் ஒரு ஆள்தான் என்பது எப்படியோ மறந்துபோகிறது... இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபத்தைத் திறக்கப் போனேன். கதவுக்கு முன்னால் வரிசை நின்றது. அத்தனை பேரும் பேட்ஜோடு. அத்தனை பேருக்கும் நாற்காலிப் பிரிவுதான் வேண்டுமாம். செருப்பு, சைக்கிள், குடிநீர், பன்னீர் — எதற்கும் ஒரு ஆள் கிடையாது. "தெம்பு இருக்கவங்க உள்ள போணும்னு நீங்கதான சொன்னீங்க?" என்று என் வீட்டம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சீசன் இன்னும் முடியவில்லை, நீங்களும் வாருங்கள். எல்லாப் பிரிவுக்கும் இப்போது ஒரே ஆள், வாசலில் காபி கலக்குகிறவனும் நான்தான்... சர்க்கரை சரியா என்று மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், உள்ளேயிருந்து கல்யாணி ராகம் காதில் விழுந்தால் எனக்குக் கை நின்றுவிடுகிறது.