ஏழை, ஆனால் நேர்மையானவன்

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். எங்கள் வீடு பாலக்கரையில். அப்பா உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். எத்தனை முறை துவைத்தாலும் அவர் சட்டையிலிருந்து புகையிலை வாசனை போகாது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, கல்லூரியும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, எங்கள் தெருவிலிருந்து உத்தியோகத்துக்குப் போன முதல் பெண் நான்தான்.

முதல் நாள் தலைமையாசிரியை என்னை ஆசிரியைகள் அறைக்கு அழைத்துப்போய் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துவைத்தார்.

“ஷீ ஈஸ் ஃப்ரம் பாலக்கரை, பட் ஹெர் இங்கிலீஷ் ஈஸ் வெரி குட்.”

பாலக்கரையிலிருந்து வருகிறாள், ஆனால் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது. எல்லோரும் புன்னகை செய்தார்கள். நானும் கைகூப்பிச் சிரித்தேன். பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோதுதான் அந்த வாக்கியம் சுருக்கென்று தைத்தது. பாலக்கரையைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த ‘பட்’ சொல்லிவிட்டது. அந்தப் பக்கத்து மனுஷர்களுக்கு இங்கிலீஷ் வராது, இவளுக்கு எப்படியோ வந்திருக்கிறது. சொன்னவரைக் கேட்டால் ‘நான் அப்படியா சொன்னேன்?’ என்பார். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கையும் களவுமாகப் பிடிக்க முடியாத அவமானம்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

“நல்லா இருக்குன்னுதானே சொல்லியிருக்காங்க? அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?” என்றாள் அம்மா.

அம்மாவுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. தமிழும் ஒன்றும் யோக்கியம் இல்லை. கோயில் பூசை முடிந்து வெளியே வந்ததும் சொந்தக்காரிகள் என் மோவாயைப் பிடித்து, “கறுப்புதான், ஆனா களையா இருக்கா” என்று சொல்வதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அம்மா அதற்கும் சந்தோஷப்படுவாள்.

என் பிழைப்போ இந்தச் சொற்களைச் சொல்லித்தருவது. எட்டாம் வகுப்புக்கு இரண்டு சிறிய வாக்கியங்களை ஒன்றாக இணைக்கும் பாடம் உண்டு. ஒத்துப்போகிறவற்றை ‘அண்ட்’ சேர்க்கும். முரண்படுகிறவற்றை ‘பட்’, ‘ஆல்தோ’, ‘யெட்’ சேர்க்கும். என் பிள்ளைகள் ‘ஆல்தோ’ போட்டு ஆரம்பித்த வாக்கியத்தின் நடுவில் ‘பட்’டையும் போட்டுவிடுவார்கள். ‘மழை பெய்தாலும், ஆனால் நான் பள்ளிக்கு வந்தேன்’ என்கிற மாதிரி. “ஒரு கதவுக்கு ரெண்டு பூட்டு எதுக்கு? ஏதாவது ஒண்ணு போதும்” என்று திருத்துவேன். பாடப் புத்தகத்தில் இந்தப் பாடத்தின் முதல் உதாரணம் இது: ‘ஹீ ஈஸ் புவர் பட் ஆனஸ்ட்.’ அவன் ஏழை, ஆனால் நேர்மையானவன். நான் மாணவியாக இருந்தபோதும் அதே உதாரணம்தான். நின்று யோசித்ததே இல்லை.

அந்த வருஷம் பள்ளி ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். தலைமையாசிரியை வாசலருகே நின்றார். பாடத்தைப் பாதியில் நிறுத்தி, இன்ஸ்பெக்ட்ரஸே பிள்ளைகளைக் கேட்டார். “அவன் ஏழை. அவன் நேர்மையானவன். இந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ பார்ப்போம்.”

முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “ஹீ ஈஸ் புவர் பட் ஆனஸ்ட்” என்றாள்.

“வெரி குட்.”

அப்போது ஜன்னலோரம் இருந்து இன்னொருத்தி எழுந்தாள். அவளுடைய அம்மா உத்தர வீதியில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரட்டைப் பின்னல், மடிப்புக் கலையாத பாவாடை. அதிகம் பேசாத பெண்.

“மேடம், ‘அண்ட்’ போட்டா தப்பா?”

“தப்புதான். ‘அண்ட்’ ஒத்துப்போற விஷயத்துக்கு. இது எதிரும் புதிருமான விஷயம். அதனால ‘பட்.’”

“ஏழையா இருக்கறதும் நேர்மையா இருக்கறதும் எப்படி மேடம் எதிரும் புதிரும்?”

குறும்பாக அவள் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்கப்பா என்ன பண்றார்?”

“அப்பா இல்ல மேடம். அம்மா வீட்டு வேலை செய்யறாங்க.”

இன்ஸ்பெக்ட்ரஸ் சிரித்துக்கொண்டே வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். “ஹெர் மதர் ஈஸ் எ சர்வென்ட், பட் தி கேர்ள் ஈஸ் இன்டெலிஜென்ட். இப்போ புரியறதா ‘பட்’ எங்கே வரும்னு?”

இவள் அம்மா வேலைக்காரி, ஆனால் பெண் கெட்டிக்காரி. பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கும்போது கூடச் சிரிக்கவேண்டும் என்று பழகிய சிரிப்பு. ஜன்னலோரத்துப் பெண் உட்காரவும் இல்லை, அழவும் இல்லை. அவள் காதுமடல்கள் மட்டும் சிவந்துபோயின.

மேஜையில் இருந்த சாக்கட்டியை எடுத்தேன். கரும்பலகையில் ‘ஹீ ஈஸ் புவர் அண்ட் ஆனஸ்ட்’ என்று பெரிதாக எழுதினேன்.

“உட்காரும்மா. உன் வாக்கியத்தில இலக்கணப் பிழை எதுவும் இல்ல” என்றேன்.

“எந்த புஸ்தகத்துல இப்படிப் போட்டிருக்கு?” என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

“எந்தப் புத்தகத்திலயும் இல்லீங்க மேடம். ஏழைன்னா நேர்மையா இருக்கமாட்டான்னு நினைக்கிறவங்களுக்கு ‘பட்’ வேணும். அவளுக்கு வேணாம்.”

இதை நான் சத்தம்போட்டுச் சொல்லவில்லை. வாசலருகே நின்ற தலைமையாசிரியையின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தபோதுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் எழுந்து அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

மறுநாள் தலைமையாசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்லமாட்டேன். எனக்கு ஜுரம் வந்தபோது ஆள் அனுப்பி விசாரித்தவர். “உக்காருங்கோ. நீங்க நன்னாத்தான் பாடம் நடத்தறேள். ஆனா…” என்று ஆரம்பித்தார்.

“அந்த ‘ஆனா’வுக்கு முன்னாடியே நிறுத்திக்கங்க டீச்சர்” என்றேன்.

அவர் திகைத்துப்போனார். பிறகு ஆய்வு அறிக்கையில் என்னைப் பற்றி இருந்ததை வாசித்தார். ஆங்கில அறிவு உண்டு, ஆனால் பணிவு இல்லை என்று அதில் இருந்ததாம். ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார்.

“அந்தப் பொண்ணுகிட்ட அவங்க மன்னிப்புக் கேப்பாங்களா?”

“அவா எங்கே, அந்தக் குழந்தை எங்கே! என்ன பேசறேள் நீங்க?”

நான் எழுந்து வந்துவிட்டேன். கடிதம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் என்னிடமிருந்து ஆங்கிலத்தைப் பிடுங்கிவிட்டார்கள். தையலும் பூகோளமும் என் தலையில் விழுந்தன. ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லித் தந்துகொண்டிருக்கும்போது, பக்கத்து வகுப்பில் இன்னொரு ஆசிரியை ‘புவர் பட் ஆனஸ்ட்’ சொல்லிக்கொடுப்பது சுவருக்கு இப்பால் கேட்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஒருநாள் மதியம் அந்தப் பெண்ணின் அம்மா பள்ளி வாசலுக்கு வந்தாள். வேலை செய்யும் வீட்டில் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள். எனக்கு நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

“டீச்சர், எம் பொண்ணு கேட்டது சரின்னு சொன்னீங்களாமே?”

“ஆமாங்க.”

“சரின்னா உங்க பாடத்தை ஏன் புடுங்கிட்டாங்க? உங்களுக்கே இந்தக் கதின்னா அவளை என்ன செய்வாங்க? நான் பாத்திரம் தேய்க்கறது அத்தனை பேருக்கும் தெரியும். அதை வகுப்புல வச்சு இங்கிலீஷ்ல வேற சொல்லணுமா?”

அவள் கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெளிவாக இல்லை. எனக்குத் தெளிவாக இருந்தது. அவள் தோளைத் தொட்டேன். தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வருஷக் கடைசிப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. அந்தப் பெண் மறுபடியும் ‘அண்ட்’ போட்டு எழுதினாள். மார்க் கிடைக்கவில்லை. விடைத்தாளைத் திருத்திய ஆசிரியையிடம் போய்ச் சண்டை போட்டேன். “பாடப் புஸ்தகத்துல உள்ளதுக்குத்தான் மார்க்” என்று முடித்துவிட்டார். அந்தப் பெண்ணிடம், “தெரிஞ்சும் ஏம்மா அப்படி எழுதினே?” என்றேன்.

“அது எங்கம்மாவைத் திட்டற மாதிரி இருக்கு டீச்சர். என் கையால எப்படி எழுதறது?”



அடுத்த ஜூனில் ஆங்கிலம் எனக்குத் திரும்பி வந்தது. நியாயம் கிடைத்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். எனக்குப் பதிலாக ஆங்கிலம் எடுத்த ஆசிரியை பிரசவத்துக்குப் போய்விட்டார், வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பாடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைக்கச் சொன்னேன். பஸ் வந்தது, பட் நிற்கவில்லை. காப்பி சூடாக இருக்கிறது, பட் சர்க்கரை இல்லை. ஆல்தோ காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை. இப்படிப் பிள்ளைகளையே சொல்லச் சொன்னேன். மனுஷருடைய பிறப்பையும் நிறத்தையும் வறுமையையும் இந்தச் சொற்களுக்கு முன்னாலோ பின்னாலோ வைக்கக்கூடாது என்பது மட்டும் என் வகுப்பில் சட்டம்.

அந்தப் பெண் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் போனாள். தாய் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். பல வருஷம் கழித்துத் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் புதிய பதிப்பு எட்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். அட்டை மாறியிருந்தது. எழுத்து பெரிதாகியிருந்தது. அந்தப் பாடத்தின் முதல் உதாரணம் மட்டும் மாறவில்லை. கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தபோது பேனாவை எடுத்து, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அந்த வரியை அடித்தேன். “என்னம்மா பண்றீங்க?” என்று அவர் கத்தினார். புத்தகத்தை நானே விலைக்கு வாங்கிக்கொண்டு நடந்தேன்.