படகில் எட்டாவது ஆள்

ரயில் நர்மதையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, கங்கையில் சித்திரை மாதத்திலும் தண்ணீர் ஓடுமா என்று பூமாலை அக்கா என்னிடம் கேட்டார். ஓடும் என்றேன். எவ்வளவு ஆழம் என்றார். யாரும் நடந்து தாண்ட முடியாது என்றேன்.

“அப்போ அக்கரையில மேயற மாட்ட எப்படி ஓட்டிக்கினு வருவாங்க?”

பாலம் இருக்கிறது, படகும் இருக்கிறது என்றேன். மாட்டைப் படகில் ஏற்றுவார்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே சிரித்தார்.

“மாடே ஏறும்போது நான் ஏறக் கூடாதா? எனக்கு எடம் இருக்குதா பாப்பா?”

இல்லை என்பது எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

காசிக்குக் கிளம்பும் முன்பே அது முடிவாகியிருந்தது. மாலைப் படகில் எட்டுப் பேருக்குத்தான் இடம். ஆண்டாள் பெரியம்மா, பெரியப்பா, நான், கள்ளக்குறிச்சியிலிருந்து எங்களோடு வந்த ஐந்து பேர். பெரியம்மாவுக்கு மூட்டுவலி, கைத்தாங்கலுக்காகத்தான் பூமாலை அக்காவை அழைத்து வந்திருந்தார். நாங்கள் படகில் போகும்போது அவர் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூமாலை அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. மணலூர்பேட்டையில் எங்கள் குடும்பத்து நிலத்தில் முப்பது வருஷமாகக் கரும்பு வெட்டுகிறார். முழங்கை வரை தோகை கிழித்த கோடுகள். வெட்டிய கரும்பைப் பச்சைத் தோகையாலேயே முறுக்கிக் கட்டுவார். அந்தக் கட்டு ஆலை வரை அவிழாது. காசிக்கு முன் அவர் போன அதிக தூரம் திருவண்ணாமலை, அதுவும் நடந்தே. தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்று மணலில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது, கூட்டத்துக்குப் பின்னால் நின்று குடையை மட்டும் பார்த்திருக்கிறார். குடை அசைந்தால் சாமி குளிக்கிறது என்று அர்த்தம் என்பார்.

காசியில் இரண்டாம் நாள் பெரியப்பாவுக்கு வயிறு சரியில்லை. அறையிலேயே படுத்துவிட்டார். ஓர் இடம் காலியானது. காலை நீட்டிக்கொள்ள வசதியாகப் போயிற்று என்று பெரியம்மா சொன்னார். பூமாலை அக்கா செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

படகோட்டி எங்களை எண்ணினார். ஒரு பக்கம் நாலு பேர், மறுபக்கம் மூன்று பேர். அவர் இந்தியில் ஏதோ சொல்ல, அவரோடு படகு முனையில் நின்ற வழிகாட்டி அதை ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்: எட்டுப் பேர் என்றால் நல்லது, படகு நேராகப் போகும்.

“எட்டாவது ஆள் கட்டாயம் வேணுமாம் பெரியம்மா. இல்லன்னா சாயுமாம்.”

“சாஞ்சா பைய அந்தப் பக்கம் தூக்கி வையி.”

“பை பத்தாதாம்.”

அதைப் படகோட்டி சொல்லவே இல்லை. பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கரையைப் பார்த்து, “இன்னாடி நின்னுக்கினு இருக்க? எல்லாத்தையும் தூக்கிக்கினு வந்து ஏறு” என்றார்.

பூமாலை அக்கா ஏறியதும் தரையில் குந்தினார். படகோட்டி தலையை ஆட்டி, பெரியம்மாவுக்கு எதிரே இருந்த பலகையைத் தட்டிக் காட்டினார். அக்கா பலகையின் நுனியில் உட்கார்ந்தார். அவர்கள் இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

படகு நகர்ந்தது. வெயில் நகரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அரண்மனைச் சுவர்கள், கோபுரங்கள், நூற்றுக்கணக்கான படிகள் எல்லாம் நிழலாகிக்கொண்டுவர, எதிர்க்கரை மணல் மட்டும் சிவந்து கிடந்தது. வழிகாட்டி எந்த அரசர் எந்தப் படித்துறையைக் கட்டினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மொழிபெயர்ப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். யாரும் கேட்கவில்லை. பெரியம்மாகூட முழங்காலைத் தடவுவதை மறந்திருந்தார்.

இருட்டத் தொடங்கியபோது படகுகள் ஒரு படித்துறைக்கு எதிரே கூடின. மணிகள் ஒலித்தன. பட்டு உடுத்தியவர்கள் வரிசையாக நின்று, அடுக்கடுக்கான பெரிய விளக்குகளைத் தூக்கி எங்கள் பக்கமாகச் சுற்றினார்கள். புகையும் நெருப்பும் தண்ணீரில் இறங்கி எங்கள் படகைத் தொட்டன.

பூமாலை அக்கா சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். அங்கே ஆறும் இருட்டும்தான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடிவிட்டு என் காதருகே கேட்டார்.

“நம்மப் பாத்து தீவாரன காட்றாங்களே. சாமி நம்ம பின்னால எங்க வருது பாப்பா? கொடையக் காணமே.”

“சாமி தனியா வராதுக்கா. ஆத்துக்குத்தான் காட்றாங்க.”

அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். படகின் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே அது போய்க்கொண்டிருந்தது. மெல்லக் கால்களைத் தூக்கிப் பலகைமேல் மடித்துக்கொண்டார். கும்பிடவில்லை, கைகள் மடியிலேயே கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெருப்பு அவர் முகத்தில் ஏறி இறங்கியது. எதிர்ப்பலகையிலிருந்து பெரியம்மா விளக்கைப் பார்த்தார், பிறகு பூமாலை அக்காவைப் பார்த்தார்.

ஊர் திரும்பிப் பத்து நாளிருக்கும். வரப்பில் என்னைப் பார்த்ததும் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் அவர் தெருவுக்குள் போனதில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எங்க தெருவுல யாரும் நம்ப மாட்றாங்க பாப்பா. கரையில நின்னு வேடிக்க பாத்துட்டு வந்திருப்பன்னு சிரிக்கறாங்க. நீ ஒரு நாளு எங்க வூட்டாண்ட வந்து, நானும் படகுல உக்காந்தன்னு சொல்லிட்டுப் போறியா?”