இருமல் மருந்தும் ஒரு பொய்யும்

வேலை, வீடு, ரயில் என்று அலுத்துப்போன ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகள். மாதுங்காவில் குடியிருந்து, ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். படபடப்பு தாங்காமல், தெரிந்தவர் கண்ணில் படாதபடி செம்பூர் வரை போய் ஒரு டாக்டரிடம் மஞ்சள் மாத்திரை வாங்கினேன். விபூதி டப்பாவில் ஒளித்து வைத்துத் தினமும் சாப்பிட்டேன்.

இருமல் வந்தபோது மாமியார் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறேளா?" என்று டாக்டர் கேட்டார். மாமியார் பக்கத்தில் நின்றதால் "இல்லை" என்றேன்.

மறுநாள் காலை மாத்திரையையும் இருமல் மருந்தையும் விழுங்கிவிட்டு ரயிலேறினேன். வாசலோரம் நின்றபடியே கண் சொருக, பிடித்திருந்த கம்பி கைநழுவியது. யாரோ ஒரு மராத்திக்காரி என் புடவையைப் பிடித்து உள்ளே இழுத்து, வீடுவரை கொண்டுவந்து விட்டாள். இரண்டுமே தூக்கம் வரவழைக்கும் மருந்து, சேரவே கூடாது என்று செம்பூர் டாக்டர் பிறகு சொன்னார்.

அன்று மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அதே மஞ்சள் மாத்திரை.

"நானும் ஒளிச்சு வெச்சுண்டு இதத்தான்டி சாப்பிடறேன். நேக்கும் தொண்டை கரகரங்கறது. உன் பாட்டில்லேர்ந்து ரெண்டு ஸ்பூன் குடிக்கலாம்னு இப்பதான் எடுத்து வெச்சேன்டி" என்றார்.

இப்போதெல்லாம் எந்த டாக்டர் கேட்டாலும் எல்லா மாத்திரையையும் சொல்லிவிடுகிறேன், யார் பக்கத்தில் நின்றாலும்.