ரஷ்யாக்கார அக்காவும் ஏரிப் பந்தயமும்

கல்யாணமாகி மூன்று வருடம் வரை என் கணவர் பந்தயம் ஓட்டி நான் பார்த்ததில்லை. சேந்தமங்கலம் சாலையில் எங்கள் ஒர்க்‌ஷாப், அதற்குப் பின்னாலேயே வீடு. மாசி, பங்குனியில் ஏரி காய்ந்ததும் சுற்றுவட்டார மெக்கானிக்குகளும் லாரி பாடி கட்டுகிறவர்களும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஏரிக்குள் வட்டமாகத் தடம் போட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவார்கள். கரை நிறைய ஜனம் நிற்கும். வண்டிச் சத்தம் எங்கள் சமையலறை வரை வரும். அது காதில் விழக்கூடாது என்று நான் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து மாவாட்டுவேன். பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாவு அக்கம்பக்கத்துக்கெல்லாம் போகும்.

எழுபதுகளின் கடைசியில் கொல்லிமலையில் தாதுமண் தேடுவதற்காக சோவியத் நாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. பூமியில் துளை போட்டு மண் எடுத்துப் பார்ப்பது அவர்கள் வேலை. அவர்களுடைய ஜீப்பில் சேசிஸ் விரிசல் விட்டு, வெல்டிங் வைக்க எங்களிடம் கொண்டுவந்தார்கள். இறங்கியவர் ஐம்பதை நெருங்கிய இன்ஜினியர். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். கூட அவர் மனைவியும், மாஸ்கோவில் படித்துத் திரும்பிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரும்.

ஓரத்தில் லைட், மட்கார்டு எல்லாம் கழற்றி நிறுத்தியிருந்த பந்தய வண்டியை அந்த இன்ஜினியர் பார்த்தார். மாட்டுச்சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு குனிந்து, தன் பேன்ட்டைச் சுருட்டி இடது முழங்காலைக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை தையல் தழும்பு.

"சாரும் பந்தயக்காரர்தானாம். பதினொரு வருஷம் ஓட்டியிருக்கிறாராம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

என் கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்முணி, டீ போடு! நம்ம ஆளுதான் வந்திருக்காரு!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்.

அன்று ஆரம்பித்தது. அடுத்த ஏழெட்டு மாதம் ஞாயிறுதோறும் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் நாட்டில் பந்தய வண்டிக்கு பிரேக்கே கிடையாதாம். வளைவில் இடது காலைத் தரையில் ஊன்றி, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் திரும்ப வேண்டுமாம். அதற்காக இடது பூட்சுக்கு அடியில் இரும்பில் ஒரு தகடு. இன்ஜினியர் சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் வரைந்து காட்ட, என் கணவர் கொல்லரிடம் போய் அதே மாதிரி அடித்துக்கொண்டு வந்தார். அதை மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் நடந்தபோது ஒரு கால் 'ணங்' என்றது, மறுகால் பேசாமல் இருந்தது. நானும் அந்த அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அந்தச் சொல்லை அவர் இரண்டாவது வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். நான் இட்லி ஊற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்ப்பார். ஒரு தடவை ஆல்பம் கொண்டுவந்தார். பெரிய ஆற்றங்கரையில் ஒரு தொழிற்சாலை நகரம். அவர் அப்பா பந்தயக்காரர், தம்பி பந்தயக்காரர், கட்டிக்கொண்டவரும் பந்தயக்காரர். ஞாயிறு சாயங்காலம் மூன்று பேருடைய தோல் உடுப்பையும் குளியல் தொட்டியில் போட்டு அம்மாவும் மகளும் சேற்றைத் தேய்த்துக் கழுவுவார்களாம். பனிக்காலத்தில் ஐஸ் மேலேயே ஓட்டுவார்களாம். அதற்குச் சக்கரம் முழுக்க ஆணி.

"ஆணியா? இங்க ஒரு ஆணி ஏறுனாலே வண்டி பஞ்சருங்க" என்றேன். மொழிபெயர்ப்பாளர் சிரித்து முடித்துவிட்டு அதை அவரிடம் சொல்ல நேரம் பிடித்தது.

பங்குனியில் பந்தயம் வந்தது. அவர்கள் ஜீப்பில் ஏரிக்குப் போகும் வழியில் என்னை ஏற்றிக்கொள்ள வந்தார்கள். நான் ஆட்டுக்கல்லில் இருந்தேன்.

"நான் வரலீங்க. என்னால பாக்க முடியாதுங்க" என்றேன்.

அக்கா என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். மாவு ஒட்டியிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் வாசலில் நின்றபடி தமிழில் சொன்னார்.

அவருடைய தம்பி இருபத்து நான்கு வயதில் பந்தயத்தில் விழுந்தான். அன்றைக்கு வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அவன் கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் ஓடினார்கள். ஆளுக்கொரு கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதுகெலும்பு அதில்தான் போனது என்று டாக்டர் சொன்னாராம். அன்றிலிருந்து அவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான்.

"நீ கண்ணை மூடிக்கிட்டா அவர் விழாம இருக்கப் போறதில்ல. விழுந்தா, அவருக்குப் பக்கத்துல நீதான் இருக்கணும். என்ன செய்யணும்னு நான் சொல்லித் தர்றேன்" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

கரையில் அக்கா என் தோளைப் பிடித்தபடியே நின்றார். உன் வீட்டுக்காரருடைய இடது காலைப் பார், அது தரையைத் தொட்டுக்கொண்டே போகிறதா என்று பார், மற்றதைப் பார்க்காதே என்றார். இரண்டு சுற்று அதை மட்டுமே பார்த்தேன். மூன்றாவது சுற்றில் நிமிர்ந்தேன். புழுதிக்குள்ளிருந்து என் கணவர் சாய்ந்தபடி வெளியே வந்தார். வீட்டில் குழம்பில் உப்பு கூடினால் முகம் சுளிக்கிற மனிதரா இவர் என்று இருந்தது. அவ்வளவு அழகாக அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. இரண்டாவதாக வந்தார்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் அக்கா என்னைப் பாயில் படுக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஹெல்மெட்டைக் கழற்றாதே. உட்கார வைக்காதே. தண்ணீர் ஊற்றாதே. தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடி. பலகையை உடம்போடு ஒட்டிக் கொண்டுவா, எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே சத்தத்துக்குத் தூக்கு. பிறகு அவர் படுத்துக்கொண்டு என்னைச் செய்யச் சொன்னார். வெள்ளைக்காரி பாயில் கிடக்க நான் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் பேயோட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் குழுவின் வேலை முடிந்து அவர்கள் ஊருக்குப் போனார்கள். சேலம் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டோம். அக்கா "வாரேன்" என்று சரியாகச் சொன்னார்.

அடுத்த வருடப் பந்தயத்தில், கடைசிச் சுற்றில், முன்னால் போன வண்டியின் சங்கிலி அறுந்தது. அது நின்ற வேகத்தில் என் கணவர் அதன்மேல் மோதி, மேலே பறந்து, முதுகு அடிபட விழுந்தார்.

கரையிலிருந்து ஐம்பது பேர் ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் நான் ஓடினேன். என்னிடம் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது.

"யாரும் தொடாதீங்க! ஒருத்தரும் அவரைத் தொடாதீங்க!"

ஒருவர் சோடாவை உடைத்துக்கொண்டு வந்தார். அவர் கையைத் தட்டிவிட்டேன். என் சின்ன மாமனாரோ, "அட, அவனத் தூக்கி உக்கார வைங்கப்பா" என்று என்னைத் தள்ளப் பார்த்தார். அதுவரை அவர் முன்னால் நான் நிமிர்ந்து பேசியதில்லை. "மாமா, கும்புடறேன், தள்ளி நில்லுங்க" என்றேன். மண்ணில் முட்டி போட்டு என் கணவரின் தலையை இரண்டு கைக்குள் பிடித்தேன்.

அவர் கண் திறந்து, "அம்முணி, காலு இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க. அசையாதீங்க."

லாரியின் பின்கதவுப் பலகையைக் கழற்றி வரச் சொன்னேன். ஆறு பேர், ஒரே சத்தத்துக்குத் தூக்கினார்கள். லாரியில் வைத்து, ராசிபுரம் வழியாகச் சேலம் வரை மாட்டுவண்டி வேகத்தில் போனோம். அத்தனை தூரமும் நான் கையை எடுக்கவில்லை.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "யாரும்மா இப்படிக் கொண்டுவரச் சொன்னது?" என்று கேட்டார்.

"எங்கக்காங்க" என்றேன்.

முதுகெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். உட்கார வைத்திருந்தால் கால் இரண்டும் போயிருக்கும் என்றார். நாலரை மாதம் படுக்கை. ஐந்தாம் மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் வரை நடந்தார். அவர் அங்கே போய் ஸ்பானரைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மொழிபெயர்ப்பாளரின் மூலம் அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று மாதம் கழித்து பதில் வந்தது. என் கடிதத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டியதாகவும், அவன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். அதற்குமேல் அவனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் சில வருடம் கடிதம் வந்துகொண்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் வெளிநாடு போனதும் அது நின்றுபோனது.

என் கணவர் மறுபடி ஓட்டினார், இரண்டு பந்தயம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது வருடம் அவராகவே வண்டியை ஒரு லாரி டிரைவருக்குக் கொடுத்துவிட்டு, கொடி ஆட்டப் போனார். ஓட்டுகிறவர்களின் மனைவிமார் அதற்குள் என்னோடு கரையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். ஏரிக்குள் நல்ல பலகை ஒன்றும், அதற்கு ஆறு ஆளும் தயாராக இருந்தால்தான் வண்டிகளைக் கிளப்ப விடுவோம். எண்பதுகளில் அந்தத் தடத்தில் மூன்று பேர் மோசமாக விழுந்தார்கள். மூன்று பேரையும் பலகையில்தான் எடுத்துப் போனோம். அவர்களில் ஒருவர் இப்போதுதான் பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நடந்தே வந்துவிட்டுப் போனார்.