'கட்டியவர்' என்று போட்ட படம்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஊரே சிரித்தபோது ஈரோட்டில் இரண்டு கல்யாண மண்டபமும் ஒரு காலேஜும் கட்டிக் காட்டினேன். இப்போது நியூஜெர்சியில் ஒரு சின்ன மியூசியத்தில் மகனோடு நிற்கிறேன். எதிரே, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம்: இங்கிலாந்தின் ஜார்ஜ் மன்னர்கள் இந்த ஊரை ஆண்ட காலத்து மாளிகை. மாளிகை எரிந்துபோய்விட்டது, படம்தான் மிச்சம். கீழே, 'கட்டியவர்' என்று ஒரு பண்ணையாரின் பெயர்.

"செங்கல் அடுக்கினது இவரான்னு கேளுடா."

மகன் மியூசியத்து அம்மாளிடம் கேட்டுவிட்டுத் திரும்புகிறான். "அடிமைங்கதான் கட்டினாங்களாம்ப்பா. ரெக்கார்ட்ல அவங்க பேரே இல்லையாம்."

"அப்ப அதையே எழுதிப் போடச் சொல்லு."

"உங்க காலேஜ் கல்வெட்டுல சித்தாளுங்க பேரு இருக்குதாக்கும்?"

"அது வேற, இது வேற. நீ சொல்லுடா."

அந்த அம்மாள் மாற்றிவிடுவதாகத் தலையாட்டுகிறார். நல்லது. மாற்றும்போது அடியில் 'திருத்தம் உபயம்' என்று என் பெயரும் வர வேண்டும், இனிஷியலோடு.